பண்ணைக் காவல் நாயும் பயிற்சியும்

உழவு மாட்டைப் பழக்காமல் ஏரில் பூட்டும் விவசாயி நம் நாட்டில் ஒருவரும் இல்லை. காளைக்கன்று பருவத்துக்கு வந்ததும் அதன் கழுத்தையும் திமிலையும் தடவிக் கை பழக்கி, மூக்கணாங்கயிறு இட்டு, பழகிய மாட்டோடு இணைத்து வெறும் நுகத்தில் சில நாள் நடத்தி, அதன் பிறகே கலப்பையைக் கட்டுகிறோம். அவ்வாறு செய்யாது போனால் சால் கோணும், மாடு கெடும், மனிதருக்கும் காயம் நேரும் என்பதை அனுபவத்தால் அறிந்திருக்கிறோம். ஆனால் அதே விவசாயி தம் வீடு, களம், பட்டி, கொல்லை ஆகிய அனைத்தையும் இரவு முழுவதும் காக்கும்படி விட்டுவைக்கும் நாய்க்கு ஒரு சொல்லையேனும் கற்பிப்பதில்லை. மீந்த சோற்றை இட்டு, ஒரு பெயரும் இட்டு, பிறகு அதனை அதன் போக்கில் விட்டுவிடுகிறோம்.

நாய்க்குக் காவல் பிறவியிலேயே அமைந்தது என்னும் எண்ணமே இந்த அசிரத்தைக்குக் காரணம். இது பாதி உண்மையே. குரைப்பதும் துரத்துவதும் கடிப்பதும் நாய்க்குப் பிறவியில் அமைந்தவை. குரைத்தது போதும் என்று நிறுத்துவதும், துரத்தும்போது கூப்பிட்ட குரலுக்குத் திரும்புவதும், வாயில் பற்றியதை விடுவதும் மனிதர் கற்பித்து வரவேண்டியவை. முன்னவை மட்டும் உள்ள நாய் உடையவருக்குப் பாதி உதவியும் பாதி உபத்திரவமுமாகும். கூப்பிட்டால் வராத நாயைக் காவல் நாய் என்று கணக்கில் வைப்பது தவறு என்பதும், நாய்க்குச் சில கட்டளைகளைப் பழக்குவதை மாடு பழக்குவதைப் போலவே பண்ணை வேலைகளுள் ஒன்றாகக் கொள்ளவேண்டும் என்பதும் நம் அபிப்பிராயம்.

மலைநாட்டில் இதன் அவசியம்

இதன் அவசியத்தைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் தெளிவாகக் காணலாம். கரியாலூரைச் சூழ்ந்த மலையூர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, கேழ்வரகு, நெல், மரவள்ளி, மக்காச்சோளம் முதலியவற்றைப் பயிரிட்டும், ஆடு மாடுகளை வளர்த்தும் வாழ்கின்றனர். கொல்லைக்கும் காட்டுக்கும் இடையே பல இடங்களில் ஒரு முள்வேலியோ ஓர் ஓடையோதான் எல்லை. மரவள்ளிக் கிழங்கு பருக்கும் தருணத்திலும், சோளக்கதிர் பால் பிடிக்கும் தருணத்திலும் காட்டுப்பன்றிகள் இரவில் இறங்கிவிட்டால், ஆறு மாதப் பாடு ஒரே இரவில் வீணாகிவிடும்.

பன்றியை ஒழிக்க வேறு வழி விவசாயியின் கையில் இல்லை. தமிழ்நாட்டு அரசு 2025 ஜனவரியில் வகுத்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டின் எல்லைக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை மட்டுமே சுடலாம். அதுவும் வனத்துறையினரே சுடலாம். காட்டை ஒட்டிய மலைக் கொல்லைகளுக்கு அந்த ஏற்பாடு பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே பரணில் இருந்து காவல் புரியும் மனிதரும், அவர் காலடியில் படுத்திருக்கும் நாயுமே இங்கே விளைச்சலுக்குத் துணை. அந்த நாய் எத்தகையதாக இருக்கவேண்டும் என்பது வேடிக்கைப் பேச்சன்று. விளைச்சலைப் பற்றிய பேச்சேயாகும்.

நாயின் காவலை நம் முன்னோர் எவ்வளவு உயர்வாக மதித்தனர் என்பதற்கு இம்மலைக்கு வடக்கே, செங்கம் வட்டாரத்தைச் சேர்ந்த எடுத்தனூரில் ஒரு சான்று உண்டு. அங்குள்ள நடுகல் ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில் நடப்பட்டது. எருமை மந்தையைக் காக்கும் பொருட்டு உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்து அங்கேயே காத்து நின்ற செய்தியும், கோவிவன் என்னும் அதன் பெயரும் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன; வீரனுக்கு அருகே நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே மந்தை காத்த நாய்க்குத் தனிப்பெயர் இருந்தது என்பதையும், அப்பெயர் ஊரார் அறிந்ததாக இருந்தது என்பதையும் நாம் கவனிக்கவேண்டும். பெயரிடுவது அழைப்பதற்கே, அழைப்பது வருவதற்கே.

பழக்காத நாயால் விளையும் கேடு

பழக்காத நாய் பன்றியைக் கண்டதும் வேலியைத் தாண்டி ஓடுகிறது. காட்டுக்குள் பன்றி திரும்பி நின்றால் அதன் கோரைப்பல் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். வீரமுள்ள நாயே இவ்வாறு முதலில் மடிகிறது. கோழை நாய் வீட்டில் எஞ்சுகிறது. உடையவர் நஷ்டம் அடைவதோடு, அடுத்த போகத்துக்குக் காவலும் இல்லாமற் போகிறது.

பன்றி அகப்படாதபோது நாய் மானையும் முயலையும் துரத்துகிறது. நாய்களோடு வேட்டைக்குச் செல்வது ஒரு காலத்தில் மலைகளில் வழக்கமாக இருந்தது உண்மையே. எனினும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்னும் சொல்லுக்குக் கொல்லுதல் மட்டும் பொருளன்று. காட்டு விலங்கைத் துரத்திச் செல்லுதலும், விரட்டி மடக்குதலும், அவற்றுக்கு முயலுதலும் அதில் அடங்கும். என் நாய் தானாக ஓடியது என்று சொல்லும் உடையவர், அதனைத் திருப்பி அழைக்கத் தமக்கு இயலவில்லை என்பதையே ஒப்புக்கொள்கிறார். நாயை ஏவும் 'சூ' என்னும் சொல் எல்லா ஊர் நாய்களுக்கும் தெரிந்திருக்கிறது. திருப்பி அழைக்கும் சொல்லே தெரிந்திருக்கவில்லை.

ஊருக்குள்ளும் கேடு குறைவன்று. அண்டை வீட்டு ஆட்டுக்குட்டியையும் கோழியையும் கடிப்பது, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளைத் துரத்துவது, இரு சக்கர வண்டியின் பின்னே ஓடி ஓட்டுபவரை வீழ்த்துவது ஆகியவற்றால் வழக்குகள் உண்டாகின்றன. தம் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராதபடி தக்க ஏற்பாடு செய்யத் தவறுபவருக்கு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இதனைக் கிராம உத்தியோகஸ்தர்கள் ஊராருக்கு எடுத்துரைத்தல் நலம்.

எல்லாவற்றிலும் கொடியது வெறிநோய். கண்ட இடமெல்லாம் சுற்றும் நாய் வெறிகொண்ட வேறு நாயோடு சண்டையிட்டு அந்நோயை வீட்டு வாயிலுக்கே கொண்டுவருகிறது. குறிகள் தோன்றிய பின்னர் இந்நோய்க்கு மருந்து இல்லையென்றே சொல்லலாம். உலகில் வெறிநோயால் இறப்பவருள் மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர் என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாக எடுத்துக்காட்டி வந்திருக்கிறது. குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-ல் தொடங்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேல் தடுப்பு மருந்து நம் மாகாணத்திலேயே கிடைத்து வந்தும், நாய்க்கடிச் சாவு நம்மை விட்டு நீங்கவில்லை. குட்டிக்கு மூன்று மாத வயதில் முதல் தடுப்பூசியும், அதன்பின் மருத்துவர் கூறும்படி ஆண்டுதோறும் மறு ஊசியும் போடவேண்டும். கட்டளைப் பயிற்சி இந்த ஊசிக்கு ஈடாகாது. ஆனால் கூப்பிட்டால் வந்து, பிடித்தால் அடங்கி நிற்கும் நாய்க்கே ஊசி போட முடிகிறது. முகாம் நாளில் எட்டாத தூரத்தில் ஓடும் நாயை வைத்துக்கொண்டு மருத்துவரால் யாது செய்ய இயலும்?

சங்கிலி பரிகாரம் ஆகாது

இக்கேடுகளுக்கெல்லாம் நாயைக் கட்டிவைப்பதே பரிகாரம் என்று பலர் எண்ணுகின்றனர். பகலும் இரவும் கட்டுண்டு கிடக்கும் நாய் காரணமின்றிக் குரைக்கும். குரைத்துக் குரைத்து அதன் குரலுக்கு மதிப்பு இல்லாமற் போகும். மனிதரோடு பழகாமையால் அச்சமும், அச்சத்தால் கடிகுணமும் மிகும். கட்டு அறுந்த அன்று அதுவே ஊரில் மிக அபாயமான நாய். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்கை மிகக் குறுகிய அல்லது மிகக் கனத்த சங்கிலியால் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதையும், வழக்கமாகக் கட்டிவைக்கும் நாயைத் தக்கவாறு நடமாட விடாமையையும் குற்றமென விதித்துள்ளது. வேளைக்குக் கட்டுவது தவறன்று. கட்டை மட்டுமே நம்பியிருப்பது தவறு.

அடியால் வருவது பயிற்சி அன்று

நாயை அடித்தே வசப்படுத்தவேண்டும் என்பதும் ஒரு பழைய கொள்கை. அடிபட்ட நாய் எதற்காக அடிபட்டோம் என்பதை அறியாது. எவர் கையால் அடிபட்டோம் என்பதை மட்டும் நன்றாக அறியும். அரை மணி நேரம் காட்டில் திரிந்து திரும்பிவந்த நாயை உடையவர் கோபத்தோடு அடிக்கிறார். ஓடியதற்குத் தண்டனை என்பது அவர் எண்ணம். நாய் கடைசியாகச் செய்தது திரும்பி வந்தது; ஆகவே திரும்பி வருவதே அடிக்குக் காரணம் என்று அது கொள்கிறது. மறுமுறை அது இன்னும் தாமதித்தே வரும்.

விலங்கு ஒரு செயலைச் செய்த அக்கணமே அதற்கு இன்பமானது ஒன்று கிடைத்தால் அச்செயலை மீண்டும் செய்யும் என்பதே பயிற்சியின் அடிப்படை. அமெரிக்க உளநூல் அறிஞர் ஸ்கின்னர் 1951-ல் எழுதிய ஒரு கட்டுரையில், சரியான செயலைச் செய்த நொடியில் ஒரு சிறு ஒலி எழுப்பி, உடனே உணவு கொடுத்து நாயை எளிதில் பழக்கலாம் என்று விளக்கினார். இந்நாளில் பல நாடுகளில் பயிற்சியாளர்கள் இம்முறையையே கையாளுகின்றனர். இதற்குக் கருவி ஒன்றும் வாங்கவேண்டியதில்லை. 'சபாஷ்' என்னும் சொல்லே போதும். சொல் பிறந்த உடனே உணவு வரவேண்டும்; நாலைந்து நொடி தாமதித்தாலும் நாய் வேறொன்றைச் செய்துகொண்டிருக்கும், பரிசு அதற்குச் சேர்ந்துவிடும்.

பரிசு உணவு பட்டாணி அளவே இருக்கட்டும். அவித்த முட்டைத் துணுக்கு, வெந்த ஈரல், உப்பு நீக்கிய கருவாட்டுத் துண்டு ஆகியவை ஏற்றவை. நன்றாக வெந்த மரவள்ளித் துண்டும் ஆகும். ஆனால் பச்சை மரவள்ளியிலும் அதன் தோலிலும் நச்சு உண்டாதலால் அவற்றை நாய்க்கு எட்டும்படி வைத்தலாகாது. பாடம் எப்போதும் உணவு வேளைக்கு முன்னரே நடக்கவேண்டும். வயிறு நிறைந்த நாய் மாணாக்கன் ஆகாது.

சொற்களைத் தேர்தல்

ஒரு வீட்டில் தகப்பனார் 'இங்கே வா' என்கிறார். பிள்ளை 'வாடா' என்கிறான். பாட்டியார் 'தோ தோ' என்கிறார். நமக்கு இவை மூன்றும் ஒன்றே. நாய்க்கு மூன்றும் மூன்று ஓசைகள். ஆகவே முதலில் பழக்கவேண்டியது வீட்டாரை. இன்ன செயலுக்கு இன்ன சொல் என்று எல்லாரும் கூடி முடிவு செய்து, அதையே ஒருவர் தவறாமல் வழங்கவேண்டும். பண்ணை நாய்க்கு ஐந்து சொற்கள் போதும்.

1. வா. உடையவரிடம் திரும்பி வருதல்.
2. உட்கார். ஓரிடத்தில் அமர்தல்.
3. நில். இருக்கும் இடத்தை விட்டு அசையாதிருத்தல்.
4. விடு. வாயில் உள்ளதையோ, நாடிச் செல்வதையோ விட்டுவிடுதல்.
5. பின்னால். உடையவரின் இடப்பக்கத்தில் ஒட்டி நடத்தல்.

ஒவ்வொரு சொல்லோடும் ஒரு கைக்குறிப்பையும் சேர்த்துப் பழக்குவது நன்று. காற்றுக்கு எதிரே குரல் எட்டாத இடத்திலும், பன்றியை வெருட்டாமல் நாயை மட்டும் நிறுத்தவேண்டிய தருணத்திலும் கை உதவும். வெண்ணிற இராஜபாளையம் நாய்க்குட்டிகளுள் சிலவற்றுக்குப் பிறவிச் செவிடு உண்டு. குட்டியை வாங்குமுன் அதன் பின்புறமாக நின்று கை தட்டிப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

பாடம் ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷத்துக்கு மேற்படலாகாது. நாளைக்கு மூன்று முறை போதும். குட்டி எட்டு வாரம் நிறைந்ததுமே தொடங்கலாம். வயது முதிர்ந்த நாயும் கற்கும். அதற்கு நாட்கள் சற்றுக் கூடுதலாகும். அன்றாடம் உணவிடும் கையே நாய்க்கு முதல் ஆசிரியர். பல வீடுகளில் அக்கை இல்லத்தரசியாருடையதாதலால், இப்பயிற்சியை ஆடவர் வேலையென ஒதுக்காமல் அவர்களிடமே தொடங்குவது சுலபம்.

'வா' என்னும் பாடம்

இவ்வைந்தில் 'வா' என்பதே தலையாயது. மற்ற நான்கையும் மறந்தாலும் இதனை மறக்கலாகாது. முதல் வாரத்தில் முற்றத்தில் இருவர் பத்தடி தூரத்தில் எதிரெதிரே குந்தி அமரவேண்டும். ஒருவர் குட்டியின் பெயரைச் சொல்லி, அது திரும்பிப் பார்த்ததும் 'வா' என்று ஒரே முறை அழைக்கவேண்டும். குட்டி வந்து சேர்ந்ததும் கழுத்துப்பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, 'சபாஷ்' என்று சொல்லி உணவு கொடுக்கவேண்டும். பிறகு அடுத்தவர் அழைக்கவேண்டும். பட்டையைப் பிடித்த பின்னரே உணவு என்னும் ஒழுங்கு முக்கியம். இல்லையேல் உணவைக் கவ்விக்கொண்டு கைக்கு அகப்படாமல் ஓடும் வழக்கம் உண்டாகிவிடும்.

இரண்டாம் கட்டத்தில் முப்பதடி நீளமுள்ள மெல்லிய கயிற்றைப் பட்டையில் கட்டி, களத்துக்கும் கொல்லைக்கும் அழைத்துச் செல்லவேண்டும். கயிறு இழுப்பதற்கன்று, நாய் தன் இஷ்டப்படி ஓடி, அழைப்பை மீறுவதால் வரும் இன்பத்தை அறியாதிருப்பதற்கே அது. அழைத்தும் வராவிட்டால் சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறாமல், நாலடி பின்னோக்கி ஓடிக் குந்தி அமர்ந்தால் நாய் தானே நாடி வரும். பத்து முறை கூவிய பின் வருவதைப் பொறுத்துக்கொண்டால், பத்தாவது கூவலுக்கே வரவேண்டும் என்று நாய் கற்றுக்கொள்ளும்.

மூன்றாம் கட்டம் இடையூறுகளுக்கு நடுவே அழைப்பது. முதலில் கோழி மேயும் இடம். பிறகு ஆடுகள் நிற்கும் பட்டி. அதன்பின் வேறு நாய்கள் உள்ள தெரு. கடைசியாகக் காட்டோரத்து வேலி. ஒரு படியில் பத்துக்கு ஒன்பது முறை வந்தால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்லவேண்டும். காட்டோரத்திலும் தவறாமல் வரும் வரையில் கயிற்றை அவிழ்க்கலாகாது. இதற்கு ஐந்தாறு மாதம் ஆகலாம். மாடு பழக்கவும் காலம் ஆகத்தானே செய்கிறது?

இரண்டு விதிகளை இங்கே மறத்தலாகாது. தண்டிப்பதற்காக ஒரு நாளும் 'வா' என்று அழைக்கலாகாது. மருந்து ஊற்றவோ குளிப்பாட்டவோ வேண்டுமாயின் நாம் எழுந்து சென்று பிடிக்கவேண்டும். அழைத்தவுடன் கட்டிப்போடுவதும் வழக்கமாகிவிடலாகாது. பெரும்பாலும் அழைத்து, பரிசு கொடுத்து, மறுபடியும் அவிழ்த்து விட்டுவிடவேண்டும். வந்தால் விளையாட்டு முடிந்துபோகும் என்று அஞ்சும் நாய் வருவதற்குத் தயங்கும்.

மற்ற நான்கு பாடங்கள்

'உட்கார்' என்பதற்கு, உணவை நாயின் மூக்குக்கு நேரே பிடித்து மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னே நகர்த்தினால், தலை உயரப் பின்புறம் தானே தாழும். பின்புறம் தரையில் பட்ட நொடியில் 'சபாஷ்'. இடுப்பை அமுக்கவேண்டியதில்லை.

உட்கார்ந்த நாய்க்கு உள்ளங்கையைக் காட்டி 'நில்' என்று சொல்லி, முதலில் ஒரு நொடி, பிறகு மூன்று, பிறகு பத்து என நேரத்தை வளர்க்கவேண்டும். நேரம் நிலைத்த பின்னரே ஓரடி, ஈரடி எனத் தூரத்தை வளர்க்கவேண்டும். தொழுவத்தின் வாயிலிலும், நெல் காயும் களத்தின் ஓரத்திலும் இப்பாடம் நாள்தோறும் பயன்படும்.

'விடு' என்பதற்கு, மூடிய கையில் உணவை வைத்து நாயின் முன்னே நீட்டவேண்டும். அது நக்கியும் பிறாண்டியும் பார்த்து, சலித்து முகத்தைத் திருப்பும் நொடியில் 'சபாஷ்' சொல்லி மற்றொரு கையிலிருந்து உணவு கொடுக்கவேண்டும். விட்டால் அதைவிட நல்லது கிடைக்கும் என்று நாய் நம்பவேண்டும். அந்நம்பிக்கையே பின்னாளில் அண்டை வீட்டுக் கோழிக்குஞ்சைக் காக்கும். 'பின்னால்' என்பது சந்தைக்கும் பேருந்துச் சாலைக்கும் செல்லும்போது வேண்டப்படுவது. கயிறு தளர்ந்திருக்கும் வரை நடந்து, நாய் இழுத்தவுடன் நின்றுவிட்டால், இழுப்பதால் பயனில்லை என்பதை அது ஒரு வாரத்தில் உணரும்.

குரைப்பை நிறுத்தத் தனிச்சொல் வேண்டா. இரவில் நாய் குரைத்தால் எழுந்து சென்று பார்க்கவேண்டும். பார்த்தபின் 'வா' என்று அழைத்துத் தடவிக்கொடுத்தால் தன் செய்தி சேர்ந்துவிட்டது என்று அது அடங்கும். கூரைக்குள் படுத்தபடியே 'சும்மா கிட' என்று கத்துவது, தாமும் சேர்ந்து குரைப்பதாகவே நாய்க்குத் தோன்றும்.

ஆட்டுப்பட்டியில் காவல் வைக்கும் நாயைக் குட்டியிலேயே ஆடுகளுக்கு நடுவே வளர்க்கவேண்டும். ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டில், சிவிங்கிப் புலிகளைக் காக்கும் அமைப்பு ஒன்று 1994 முதல் துருக்கி நாட்டு மேய்ப்பு நாய்களைக் குட்டிப் பருவத்திலேயே ஆட்டு மந்தைகளோடு பழக்கி விவசாயிகளுக்கு அளித்து வந்திருக்கிறது. நாயின் நிற்பும் குரைப்புமே புலியை விலக்கியதால் ஆட்டு நஷ்டம் பெரிதும் குறைந்தது. புலியைச் சுடவேண்டிய அவசியமும் குறைந்தது. காவலின் வெற்றி எதிரியைக் கொல்வதில் இல்லை, அண்டாமல் வைப்பதில் இருக்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம். கல்வராயன் மலைக் கொல்லையிலும் நாய் வேலிக்குள் நின்று குரைத்தால் போதும்; பன்றியைப் பின்தொடர வேண்டியதில்லை.

சில ஆட்சேபங்கள்

பயிற்சி பெற்ற நாய் சாதுவாகித் திருடனுக்கும் வாலாட்டும் என்பர் சிலர். அந்நியனைக் கண்டு குரைக்கும் குணத்தைப் பயிற்சி அழிப்பதில்லை. அக்குணம் உடையவரின் சொல்லுக்குள் வருகிறது. காவற்படைகளின் நாய்கள் எல்லாம் பயிற்சி பெற்றவையே. அவை சாதுவாகிவிட்டன என்று எவரும் சொல்லவில்லை.

நம் நாட்டு நாய்களுக்குப் புத்தி குறைவு, சீமை நாய்களே கற்கும் என்பது மற்றோர் ஆட்சேபம். கர்நாடகத்து முதோல் நாய்களை 2016-ல் நம் ராணுவம் மீரட்டில் உள்ள தன் நிலையத்துக்குக் கொண்டுசென்று பயிற்சி அளித்தது. தமிழ்நாட்டின் இராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகியவை கர்நாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகத்தால் தனி இனங்களாகப் பதிவு செய்யப்பட்டுள்ளன. கோம்பை நாயோ காவலுக்கும் துணிவுக்கும் பெயர் பெற்றது. இவை தத்தம் வேலைக்கென்று நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தவை. எனினும் மலைக் குடியானவர் ஜாதி நாய்க்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. ஊரில் பிறந்த நாட்டு நாய் அவ்விடத்து வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றது; குறைந்த உணவில் வாழ்வது; ஐந்து சொற்களை எளிதில் கற்பது.

நேரமில்லை என்பது மூன்றாவது ஆட்சேபம். நாளைக்குக் கால் மணி நேரமே கேட்கிறோம். ஓடிய நாயைத் தேடும் நேரத்தையும், கடித்த ஆட்டுக்காகப் பஞ்சாயத்தில் நிற்கும் நேரத்தையும் கணக்கிட்டால் இது மிகச் சிறியது.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யத்தக்கவை

இக்காரியம் ஒரு வீட்டோடு முடிவதன்று. ஓர் ஊரில் பத்து நாய்கள் பழகியும் இரண்டு பழகாமலும் இருந்தால், அவ்விரண்டே மற்றவற்றைக் காட்டுக்கு இழுத்துச் செல்லும். ஆதலால் ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் கிராம சபையில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளவேண்டும். ஊரில் உள்ள நாய்கள், அவற்றை உடையவர்கள், ஊசி போட்ட தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்தால், தகராறு வரும்போதும் முகாம் வரும்போதும் அது உதவும். 1885 ஜூலை 6-ல் லூயி பாஸ்டர் வெறிநாய் கடித்த சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் தடுப்பு மருந்து செலுத்தியதன் நினைவாக, அந்நாள் விலங்குவழி நோய்கள் நாளாக அனுசரிக்கப்படுகிறது. அதையொட்டிக் கால்நடை மருந்தகங்களில் ஊசி முகாம்கள் நடத்துவது வழக்கம். மலையூர்களிலிருந்து நாய்களை அழைத்துவர வண்டி வசதி செய்து கொடுப்பதும், முகாமிலேயே கால்நடை மருத்துவரைக் கொண்டு 'வா', 'நில்' ஆகிய இரு பாடங்களைச் செய்து காட்டச் செய்வதும் பெரும் பயன் தரும்.

கடிபட்டவர் புண்ணைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவேண்டும் என்பதையும், மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் காலம் கடத்தலாகாது என்பதையும் ஒவ்வொரு வீட்டுக்கும் அறிவிப்பது அவர்கள் கடமை. வேண்டாத குட்டிகளைக் காட்டோரத்தில் விட்டுவரும் வழக்கத்தையும் கண்டித்து நிறுத்தவேண்டும். அக்குட்டிகளே பின்னர் கூட்டமாகி மந்தைக்கும் மானுக்கும் எமனாகின்றன. குட்டி வேண்டாதவர் நாய்க்குக் கருத்தடை செய்விப்பதே முறை.

எந்த ஊரிலும் நாய்க்கு உணவிட மறுப்பவர் இல்லை. ஒரு பிடிச் சோறு எப்போதும் கிடைக்கிறது. அதே சோற்றைப் பாடத்துக்குப் பரிசாகக் கொடுக்கச் செலவு ஒன்றும் கூடுவதில்லை. வரும் மரவள்ளிப் பருவத்துக்குள் ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு நாயேனும், வேலியோரத்தில் பன்றியைக் கண்டு குரைத்து, உடையவரின் ஒரே அழைப்புக்குத் திரும்பி வரும்படி பழக்கப்பட வேண்டும். அதற்கான முதல் பாடத்தை விவசாயப் பெருமக்கள் இம்மாதத்திலேயே தொடங்கிப் பயன் அடைவார்களாக.